மாவுக்குள் ஒரு கடலை

ஜேர்மனியில், கொலோனில் உள்ள எங்கள் தமிழர் சங்கத்தின் ஆண்டு மலருக்குப் பவளம் அக்காவைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். "நல்லபடியாய் எழுதுங்கோ இமெல்டா" என்றும் சொல்லிவிட்டார்கள். நல்லபடியாய் என்றால் சமூகசேவகி, பண்பின் உறைவிடம், இன்முகம் மாறாதவர் என்று எழுத வேண்டும். பவளம் அக்காவுக்கு இன்முகம் கிடையாது. சலவைத் தொழிற்சாலையில் அவர் வாயைத் திறந்தால் பெரிய சூட்டு உருளை இரண்டும் ஓடுகிற சத்தத்தையும் மீறிக் கேட்கும், அதில் பாதி ஏச்சாக இருக்கும். அந்த ஏச்சில் அதிகம் வாங்கிக் கட்டியவள் நான். ஆகவே உள்ளதை எழுதுகிறேன். போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

பவளம் அக்கா மன்னார் பேசாலைக்காரி. 1985இல் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்டில் விமானத்தால் இறங்கி, மேற்கு பெர்லினுக்குள் வந்து, அங்கிருந்து கொலோனுக்கு அனுப்பப்பட்டவர். கணவர் ஜேசுரட்ணம் அண்ணைக்கு ஓர் உணவகத்தில் சமையலறை வேலை. அக்கா முதல் ஆறு வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் பெண்கள் பிரிவைக் கூட்டித் துடைத்தார். அங்கே அவர் என்னென்ன கண்டார் என்று நாங்கள் கேட்டதில்லை. பிறகு சலவைத் தொழிற்சாலைக்கு வந்தார். ஹொட்டேல்களின் படுக்கை விரிப்புகளும் துவாய்களும் மலை மலையாக வரும், நாங்கள் உருளைக்குள் விட்டு எடுத்து மடிப்போம். எங்கள் ஆட்கள் மட்டும் பதினொரு பெண்கள் இருந்தோம்.

1995 கடைசியில் ஒரு நாள் ஒரு ஜேர்மன் தாதி வந்து, மார்பகப் புற்றுநோயைப் பற்றித் துண்டுப் பிரசுரம் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் ஒரு பெண் மேல் உடுப்பில்லாமல் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் படம் இருந்தது. எங்கள் பெண்கள் படத்தைக் கண்டதும் பிரசுரத்தைக் குப்புறக் கவிழ்த்து, மேலே தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டார்கள். நானும் வைத்தேன். பவளம் அக்கா எங்கள் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, பதினொரு பிரசுரத்தையும் சேர்த்தெடுத்துப் பையில் வைத்தார். அவர் ஏசாமல் விட்டதே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை இடைவேளைக்கு அவர் ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடு உடுப்பு மாற்றும் அறைக்குள் வந்தார். ரொட்டிதான் கொண்டுவந்திருக்கிறார் என்று நாங்கள் கையை நீட்டினோம். உள்ளே இருந்தது பிசைந்த மா. தேசிக்காயைவிடப் பெரிதாக ஐந்தாறு உருண்டை.

"திங்கிறதுக்கில்லை. ஒண்டுக்குள்ளை மட்டும் காய்ஞ்ச கடலை வைச்சிருக்கிறன். எதுக்குள்ளையெண்டு தடவிச் சொல்லுங்கோ பாப்பம்" என்றார்.

பெண்கள் உருண்டையை விரல் நுனியால் கிள்ளினார்கள், பிதுக்கினார்கள். ஒருத்தியும் கண்டுபிடிக்கவில்லை. அக்கா ரஞ்சினியின் கையைப் பிடித்து, நடுவிலுள்ள மூன்று விரலையும் சேர்த்துத் தட்டையாக வைத்து, சின்ன வட்டமாகச் சுற்ற வைத்தார். "நுனியாலை குத்தாதை. பட்டையாய் வை. முதல் மெதுவாய், பிறகு கொஞ்சம் அமத்தி, பிறகு நல்லா அமத்தி. அரிசியிலை கல்லுப் பொறுக்கத் தெரிஞ்ச கைதானே உது." ரஞ்சினி சுற்றிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றாள். "ஓமக்கா, இருக்கு" என்றாள்.

"அப்பிடித்தான். மாசத்திலை ஒருக்கால், தீட்டு நிண்டு நாலைஞ்சு நாளாலை பாக்கவேணும். கம்மக்கட்டு வரைக்கும் பாக்கவேணும். தோல் குழி விழுந்திருந்தாலும், காம்பு உள்ளை இழுபட்டாலும், ரத்தம் கசிஞ்சாலும் டொக்டரிட்டைக் காட்டவேணும். கட்டியெல்லாம் புத்துநோயெண்டில்லை. அதை டொக்டர் சொல்லட்டும், நீங்கள் முடிவெடுக்காதையுங்கோ."

நான்தான் ஆகக் கூடச் சிரித்தவள். "அக்கா, உருண்டை சரியில்லை. எங்களுக்கெல்லாம் இதுக்குப் பாதிதான்" என்றேன். அறை முழுக்கச் சிரிப்பு. பவளம் அக்கா என்னை நிமிர்ந்து பார்த்து, "சிரியடி. பல்லு முப்பத்திரண்டும் தெரியச் சிரி. ஆனால் சனிக்கிழமை குளிக்கேக்கை தடவிப் பார்" என்றார்.

சனிக்கிழமை நான் தடவிப் பார்த்தது பவளம் அக்காவுக்குப் பழிப்புக் காட்டத்தான். திங்கட்கிழமை போய், "பாத்தனான் அக்கா, கடலையும் இல்லை கச்சானும் இல்லை" என்று சொல்லும் எண்ணம். இடது பக்கத்தில் கம்மக்கட்டுக்குக் கிட்ட விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. எடுத்துவிட்டுத் திரும்பவும் வைத்தேன். அது அங்கேயேதான் இருந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க நான் குளியல் தொட்டிக்குள் குந்திவிட்டேன். எனக்கு அப்போது முப்பத்திமூன்று வயது. கொலோனில் எனக்கென்று ஒருவரும் இல்லை. தண்ணீர் குளிர்ந்து போனதுகூட எனக்குத் தெரியவில்லை.

பிறகு வந்த நாட்களில் பயம் என்னோடேயே எழும்பி, என்னோடேயே படுத்தது. வேலையில் விரிப்பை உதறும்போது இடது கையைத் தூக்க மாட்டேன். தூக்கினால் அது வளர்ந்துவிடும் என்று ஒரு நினைப்பு. ஒரு நாளைக்கு இருபது தரம் கழிவறைக்குப் போய் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். மேற்பார்வைக்காரி எனக்கு வயிற்றோட்டம் என்று நினைத்துக் கறுத்த தேத்தண்ணி குடிக்கச் சொன்னாள்.

டொக்டரிடம் போகவேண்டியதுதானே என்று வாசிக்கிறவர்கள் கேட்கலாம். கேட்பது சுகம். என்னிடம் இருந்தது டுல்டுங் என்கிற கடதாசி. திருப்பி அனுப்பும்வரைக்கும் இருக்கலாம் என்று மூன்று மாதத்துக்கு ஒருக்கால் முத்திரை குத்தித் தருவார்கள். என் வேலை நாளுக்கு இரண்டரை மணித்தியாலச் சிறுவேலை, அதற்கு மருத்துவக் காப்புறுதி கிடையாது. வருத்தம் வந்தால் சோசியல் என்கிற உதவிப்பண அலுவலகத்துக்குப் போய், இன்ன வருத்தம் என்று சொல்லி, டொக்டரிடம் காட்ட ஒரு துண்டு வாங்க வேண்டும். எனக்கு டொச், அதுதான் ஜேர்மன் பாஷை, அவ்வளவாக வராது. கொலோனில் எங்கள் ஆட்களுக்கெல்லாம் அங்கே மொழிபெயர்த்தவர் ஒரே ஒருவர், ஆனந்தராசா அண்ணை. சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான், எங்கள் கத்தோலிக்கத் தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிப்பவரும் அவர்தான். அந்த மனிசனுக்குப் பக்கத்தில் நின்று, "அண்ணை, எனக்கு மார்பிலை கட்டி" என்று சொல்லவேண்டும். அடுத்த ஞாயிறு கோயில் முழுக்கத் தெரிந்துவிடும் என்றுதான் நான் நினைத்தேன். அதோடு, வருத்தக்காரி என்று ஃபைலில் எழுதினால் கெதியாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ சொன்னதும் மனதுக்குள் கிடந்தது. யார் சொன்னது என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குத் தெரியாது.

ஜனவரி கடைசியில் பவளம் அக்கா என்னை உடுப்பு மாற்றும் அறையில் பிடித்துக்கொண்டார். "ஏன்டி இடது கையைத் தூக்கிறாயில்லை?" என்றார். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, மூன்று விரலையும் தட்டையாக வைத்தார். வைத்த விரல் நின்றது. அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

"எவ்வளவு நாள்?"

"ஒண்டரை மாசம் அக்கா."

அன்றைக்கு அவர் ஏசிய ஏச்சை மலரில் போட முடியாது. ஏசி முடித்துவிட்டுப் பையைத் திறந்து தன் மருத்துவக் காப்புறுதி அட்டையை, நாங்கள் காட் என்கிறதை, எடுத்து நீட்டினார்.

அந்தக் காட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அது புதிதாக வந்திருந்த காலம். பெயரும் இலக்கமும் இருக்கும், படம் இருக்காது. காட் இல்லாத எங்கள் பெண்களுக்கெல்லாம் பவளம் அக்காவின் காட்தான் காட். காய்ச்சலுக்கும் அதுதான், பல்லுக்கும் அதுதான். அந்த ஒரு வருடத்தில் மட்டும் பதிவுப்படி பவளம் அக்காவுக்கு ஒன்பது பல் பிடுங்கப்பட்டிருந்தது. அக்கா வாயில் ஒரு பல்லும் குறையவில்லை. பிடிபட்டால் என்ன நடக்கும் என்று நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை. உதவிதானே என்று செய்தோம். பேரில் என்ன கிடக்கிறது என்று நினைத்தோம்.

டேர்மின், டொக்டரைச் சந்திக்கிற நாள், கிடைத்தது பெப்ரவரியில், கார்னிவல் என்று கொலோன்காரர் வேசம் கட்டுகிற கிழமையில். ட்ராம் முழுக்கக் கோமாளிகளும் கடற்கொள்ளைக்காரரும் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் ஒரு மூலையில் நின்று பவளம் அக்காவின் பிறந்த திகதியைப் பாடமாக்கினேன். பன்னிரண்டாம் திகதி, நாலாம் மாதம், ஐம்பத்தொன்று. நாற்பத்துநாலு வயது என்று யாராவது நம்புவார்களா என்ற பயத்தில் அக்காவின் பழைய கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தேன். அந்த ட்ராமில் எல்லாரையும்விட நன்றாக வேசம் கட்டியவள் நான்தான்.

அங்கே "பிறவு ஜேசுரட்ணம்" என்று, டொச்சில் திருமதியைக் கூப்பிடுகிற மாதிரி, கூப்பிட்டார்கள். நான் மற்றவர்களைப் போல அந்த அம்மா யார் என்று சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாந்தரம் கூப்பிட்டபோதுதான் அது நான் என்று உறைத்தது. டொக்டர் ஒரு பெண், கண்ணாடி போட்டவர். தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த அறைக்குப் படம் எடுக்க அனுப்பினார். படம் எடுத்தார்கள், ஊசி குத்தி எடுத்தார்கள். முடிவை வீட்டுக்கு எழுதுவோம் என்றார்கள். எந்த வீட்டுக்கு என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்து சொன்னபோது அக்காவும் கேட்கவில்லை.

ஐந்து நாளில் எனக்கு ஒரு கடிதம் வந்தது, ஆஸ்பத்திரியில் இருந்தல்ல. வெளிநாட்டவர் அலுவலகம் என் டுல்டுங்கை இனி நீட்டாது, மாத முடிவுக்குள் பயணச் சீட்டோடு வந்து காட்டவேண்டும் என்று எழுதியிருந்தது. காட் விசயம் பிடிபட்டுவிட்டது, அதுதான் இது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அன்றைக்குப் பின்னேரமே ஒரு பையோடு ஆஹெனுக்கு ரயில் ஏறினேன். அங்கே எனக்குத் தூரத்துச் சொந்தமான பிறேமா இருந்தாள். பெல்ஜிய எல்லை நடந்து போகிற தூரம். ஆட்களை எல்லை தாண்டி விடுகிற ஒரு முகவர் மார்ச் பதினாறாம் திகதி, சனிக்கிழமை, வான் வண்டியில் ஏற்றி லண்டனுக்கு அனுப்புவதாகச் சொன்னார். நான் இங்கே இருப்பதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று பிறேமாவிடம் குழந்தையின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். பவளம் அக்காவுக்கும் சொல்லவில்லை. அவரிடமிருந்துதான் முதலில் ஒளிக்கவேண்டும் என்று நினைத்தேன், ஏனென்றால் பொலிஸ் அவரைத்தானே முதலில் கேட்கும்.

கட்டியை நான் மறக்கவில்லை. லண்டனுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று அதற்கு ஒரு தவணை கொடுத்திருந்தேன். கதவு மணி அடிக்கும் ஒவ்வொரு தரமும் பையைக் கையில் எடுத்துவிடுவேன். தபால்காரன் அடித்தாலும் எடுப்பேன். அடுத்து நான் எழுதுவதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

முடிவுக் கடிதம் பவளம் அக்கா வீட்டுக்குப் போனது. பிரித்தவர் ஜேசுரட்ணம் அண்ணை. பெயர் பவளம் ஜேசுரட்ணம். நோய் புற்றுநோய். உடனே வந்து சந்திக்கவும். பாவம் மனிசன், கடிதத்தைப் பிடித்துக்கொண்டு குசினித் தரையில் இருந்துவிட்டாராம். அக்கா வேலை முடிந்து வந்தபோது சட்டியெல்லாம் கழுவி, தரை துடைத்து, சோறும் மீன்குழம்பும் வைத்திருந்தார். கலியாணம் கட்டிப் பத்தொன்பது வருடத்தில் நடக்காத காரியம். தவக்காலம் முடியும்வரைக்கும் சிகரெட்டும் இறைச்சியும் இல்லை என்று கேவலார் மாதாவுக்கு நேர்த்தியும் வைத்துவிட்டார்.

காட்டைக் கொடுத்தேன் என்று அக்கா சொன்னால் அண்ணை வீட்டையே தலைகீழாக்குவார். அவர்களுடைய நிரந்தர வதிவிட விண்ணப்பம், அன்ராக், அப்போதுதான் அலுவலக மேசையில் கிடந்தது. ஒரு சின்னக் குற்றம் பதிந்தாலும் பத்து வருடமும் போய்விடும், மூன்று பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டும். அந்தப் பயத்தில் நாலு நாள் பேசாமல் இருந்துவிட்டார். இரகசியமாக என்னைத் தேடினார். நான் இருந்த அறையில் வேறு ஆள். தெரிந்த பதினான்கு வீட்டுக்கு ரெலிபோன் அடித்தார். பதினான்கு வீட்டாரும் தெரியாது என்றார்கள், அதில் இரண்டு வீட்டாருக்குத் தெரியும். ஒளித்திருக்கிற ஆளைக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் ஆட்களுக்குப் பழக்கமான விசயம்.

"அந்த நாலு நாளுக்கு என்னை மன்னிச்சுக்கொள்" என்று அக்கா பிறகு ஒரு தரம் என்னிடம் கேட்டார். வேறு எதற்கும் அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் கண்டதில்லை.

ஐந்தாம் நாள் ஜேசுரட்ணம் அண்ணை அவரைக் கையில் பிடித்து டொக்டரிடம் இழுத்துப் போனார். டொக்டர் அக்காவைப் பார்த்தார், கடதாசியைப் பார்த்தார், திரும்பவும் அக்காவைப் பார்த்தார். தடவிப் பார்த்தால் ஒன்றும் இல்லை, ஊசி குத்திய அடையாளமும் இல்லை. அண்ணையை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "அன்றைக்கு வந்தவர் நீங்கள் இல்லை" என்றார். அக்கா தன் உடைந்த டொச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பொலிசைக் கூப்பிடப் போகிறார் என்றுதான் நினைத்தாராம், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாராம்.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "நான் இதை எவருக்கும் சொல்லமாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு இது தெரியாது. கட்டி இன்னும் சின்னது, வெட்டி எடுத்துவிடலாம். ஈஸ்டர் வரைக்கும் விட்டால் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தேடிப் பிடியுங்கள்" என்றார்.

வெளியே வந்து அக்கா படிக்கட்டிலேயே புருசனிடம் உண்மையைச் சொன்னார். அண்ணை முதலில் குந்தியிருந்து சிரித்தாராம், பிறகு அழுதாராம், பிறகு நாலு நாள் அக்காவோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. சிகரெட்டை மட்டும் திரும்பத் தொடவில்லை. நேர்த்தி நேர்த்திதானே என்றாராம்.

என்னைக் காட்டிக் கொடுத்தது என் அம்மா. மார்ச் மாதம் அம்மா செத்த ஆண்டு நினைவு வரும். எங்கே இருந்தாலும் கொலோன் தமிழ்ப் பூசையில் அவருடைய பெயர் வாசிக்காமல் நான் விட்டதில்லை. ஒளித்திருந்த இடத்தில் இருந்தும் ஆனந்தராசா அண்ணைக்கு ரெலிபோன் எடுத்து, பிறேமா வீட்டில் நிற்கிறதை ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டுப் பெயர் கொடுத்தேன். எவ்வளவு மடைத்தனம் என்று பாருங்கள், உயிருக்குப் பயந்து ஒளித்திருக்கிறவள் பூசைக்குப் பெயர் கொடுக்கிறாள். பத்தாம் திகதி ஞாயிறு, ஆனந்தராசா அண்ணை வாசித்தார்: "மகள் இமெல்டா ஒப்புக்கொடுக்கும் ஆண்டு நினைவுப் பூசை." முன்வரிசையில் முழங்காலில் இருந்த பவளம் அக்கா அப்படியே எழும்பிவிட்டாராம்.

பூசை முடிந்ததும் அவர் ஆனந்தராசா அண்ணையைப் பாதிரியார் உடுப்பு மாற்றும் அறையில் மறித்தார். "இமெல்டா எங்கை?" அண்ணை தலையை ஆட்டினார். "சொல்ல ஏலாது தங்கச்சி. சொல்ல வேண்டாமெண்டு கேட்டவ." அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு வழியில்லை. "அவளுக்கு மார்பிலை புத்துநோய். அவளுக்குத் தெரியாது. கடிதம் என்ரை பேரிலை வந்தது" என்றார்.

ஆனந்தராசா அண்ணை வாசகப் புத்தகத்தை மூடி வைத்தார். "ஏன் என்னட்டை வரேல்லை அவ?" என்று கேட்டார்.

"உங்களிட்டை எப்பிடி அண்ணை உதைச் சொல்லுறது? ஊர் முழுக்கத் தெரிஞ்சிடுமெண்டு பயந்தவள்."

"போன வருசம் எங்கடை ஆக்கள் ரெண்டு பேருக்கு இந்த வருத்தத்துக்கு மொழிபெயர்த்தனான். ரெண்டு பேரும் பிந்தித்தான் வந்தவை. ஒராள் உங்களோடை ஒரே வாங்கிலை இருந்து பூசை கண்டவ. வயித்துப் புண்ணிலை செத்தவவெண்டு நீங்கள் எல்லாரும் செத்தவீட்டுக்குப் போனனீங்கள். ஆராவது அறிஞ்சியளோ?"

பவளம் அக்கா வாயடைத்து நின்றார். அப்படி ஒரு நாளை நான் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அண்ணை ஒரு துண்டில் பிறேமாவின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார், சங்கக் கலண்டர் அனுப்புகிற விலாசம் அது. ரெலிபோன் எடுக்கவேண்டாம், எடுத்தால் ஓடிவிடுவா, நேரே போங்கோ என்றும் சொன்னார்.

பதினாலாம் திகதி வியாழக்கிழமை, அக்காவுக்கு லீவு கிடைத்த முதல் நாள், பத்து மணிபோல் பிறேமா வீட்டு மணி அடித்தது. பிறேமா கதவைத் திறந்தாள். பவளம் அக்காவின் குரல் கேட்டது. அதற்குப் பின்னால் ஓர் ஆம்பிளையின் இருமல் கேட்டது. பொலிஸ் என்று நினைத்தேன். அவரைப் பிடித்து, அவரை வைத்து என்னைப் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஓடிப்போய்க் குளியலறைக்குள் பூட்டிக்கொண்டு, உடுப்புத் தோய்க்கும் மெசினுக்கும் சுவருக்கும் இடையில் நுழைந்து இருந்தேன்.

"இமெல்டா, கதவைத் திற. நானும் உங்கடை அண்ணையும்தான்" என்றார் அக்கா. இருமியவர் ஜேசுரட்ணம் அண்ணை என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கதவுக்குக் கீழால் ஒரு கடிதம் உள்ளே வந்தது. எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பொலிஸ் கடிதம் இல்லை, மேலே டொக்டரின் பெயர் இருந்தது. மெல்ல இழுத்தெடுத்துப் படித்தேன். பிறவு பவளம் ஜேசுரட்ணம். கீழே எனக்கு விளங்கிய சொல் ஒன்றே ஒன்று, அது விளங்க டொச் படிக்கத் தேவையில்லை.

பவளம் அக்காவுக்குப் புற்றுநோய். அந்த மனிசி இந்த நிலைமையில் ரயில் ஏறி என்னைப் பார்க்க வந்திருக்கிறா, நான் மெசினுக்குப் பின்னால் ஒளித்திருக்கிறேன். சீ என்று போய்விட்டது. பூட்டைத் திறந்து ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்து, "அக்கா, உங்களுக்கோ? உங்களுக்கோ அக்கா இப்பிடி?" என்று குளறினேன்.

அவர் என்னை விலக்கவில்லை. என் முதுகில் கையை வைத்துக்கொண்டு, அவருடைய குரல் என்று நம்ப முடியாத ஒரு சின்னக் குரலில் சொன்னார்.

"எனக்கில்லையடி. அண்டைக்கு என்ரை பேரிலை போனது நீயெல்லோ."

நான் விளங்காமல் அவருடைய கோட்டைப் பிடித்தபடி நின்றேன். அதே கறுப்புக் கோட். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது. பிறகு ஜேசுரட்ணம் அண்ணைதான் என்னைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார்.

மத்தியானம் முழுக்க நான் பிறேமாவின் கதிரையில் இருந்தேன். நாளை மறுநாள் வான். லண்டனுக்குப் போனால் பொலிஸ் இல்லை. கொலோனுக்குத் திரும்பினால் நேரே அலுவலகத்துக்குள் போய், இதோ நான் இருக்கிறேன், என்னைத் திருப்பி அனுப்புங்கள் என்று சொல்வது மாதிரி. இரண்டு பக்கமும் பயம். பவளம் அக்கா கெஞ்சவில்லை. தேத்தண்ணியை என் கையில் வைத்துவிட்டு, "லண்டனுக்கு நீ தனியப் போகமாட்டாய். அதையும் கொண்டுதான் போவாய்" என்றார். நான் எழும்பிப் பையைக் கட்டினேன். சிப்பை இழுத்துப் பூட்டியது அக்காதான்.

அடுத்த நாள் சோசியல் அலுவலகத்தில் ஆனந்தராசா அண்ணை எனக்குப் பக்கத்தில் நின்றார். எங்கே வலி, என்ன வருத்தம் என்று அந்தப் பெண் கேட்டபோது அவர் என் பக்கம் திரும்பவில்லை. சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டே, சொல்லவேண்டிய சொல்லைத் தெளிவாகச் சொன்னார். அரைமணித்தியாலத்தில் துண்டு கையில் கிடைத்தது. மூன்று மாதமாக நான் பயந்து செத்த காரியம் அவ்வளவுதான். அதே டொக்டரிடம் என் சொந்தப் பெயரில், என் சொந்த வயதில் போனேன்.

ஏப்ரல் முதலாம் கிழமை இடது பக்கத்தை எடுத்தார்கள். அந்தக் கதையை இங்கே எழுதப்போவதில்லை. முழித்தபோது பவளம் அக்கா பக்கத்தில் இருந்து தாதியோடு ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வைத்தியம் நடக்கும்வரைக்கும் திருப்பி அனுப்ப ஏலாது என்று டொக்டர் எழுதிக் கொடுத்ததில் டுல்டுங் நீண்டது, திரும்பவும் நீண்டது. உனக்கு அடித்த யோகம் என்று எங்கள் ஆட்களில் ஒருத்தி சொன்னாள். அவளோடு நான் இன்றுவரைக்கும் கதைப்பதில்லை.

போன வருடம் எனக்கு வதிவிடம் கிடைத்தது, முழுநேர வேலை கிடைத்தது, என் பெயரில் காட்டும் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருக்கால் பரிசோதனைக்குப் போகிறேன். அதற்கு முந்தின கிழமை எனக்குச் சாப்பாடு இறங்காது. அந்தப் பயம் போகும் என்று டொக்டர் சொன்னார், இன்னும் போகவில்லை.

பவளம் அக்கா தன் காட்டை அதற்குப் பிறகு ஒருவருக்கும் கொடுத்ததில்லை. மா உருண்டைப் பெட்டியை மட்டும் விடவில்லை. சலவைத் தொழிற்சாலை, ஹொட்டேல் அறை துப்பரவாக்குகிற பெண்கள், தோட்டத்தில் பெரி பழம் பிடுங்கப் போகிற பெண்கள் என்று எங்கே எங்கள் பெண்கள் வேலை செய்கிறார்களோ, அங்கே இடைவேளைக்குப் போவார். நானும் கூடப் போவேன், பெட்டி தூக்க. இப்போது பாடம் மாவில் தொடங்குவதில்லை. ஒரு கேள்வியில் தொடங்கும்.

"இதிலை ஆருக்குக் காட் இல்லை?"

ஒருத்தியும் அசைய மாட்டாள். எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள், சப்பாத்தைப் பார்ப்பார்கள். போன மாதமும் அப்படித்தான், ஹொட்டேல் நிலவறையில் பதினேழு பெண்கள், ஒரு சத்தம் இல்லை. அக்கா என்னைப் பார்த்தார். என் காட் என் கைப்பைக்குள்தான் இருந்தது. நான் கையை உயர்த்தினேன். இடது கையை. அது இப்போது காது வரைக்கும்தான் போகும்.

கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு பின்வரிசையில், கூட்டுமாறுக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டை, சுஜீவா என்று பெயர், கையைத் தூக்கினாள். மற்றக் கை கம்மக்கட்டுக்குக் கிட்ட, சட்டைக்கு மேலே இருந்தது.

"வா பிள்ளை" என்றார் பவளம் அக்கா. "நாளைக்கு ஆனந்தராசா அண்ணையிட்டைப் போவம். உன்ரை பேரிலை."